குறிப்பறிதல்

2019இல் இந்தப் பத்திரிகையில் எழுத்தாளனின் அகங்காரம் பற்றி நான் எழுதிய கட்டுரை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அதில் ஒருவரைப் பெயர் சொல்லாமல் தாக்கியிருந்தேன். பெயர் சொல்லாதது நாகரிகம் என்று அப்போது எனக்கு எண்ணம். நம் வட்டம் எவ்வளவு சிறியது என்று தெரிந்திருந்தும் அப்படி எண்ண முடிந்ததென்றால் அது நாகரிகம் அல்ல, சாமர்த்தியம். பிறர் துக்கத்தின் முன் சிரிக்கக்கூடிய மனசு என்றும், எதிரே இருப்பவனின் முகத்தைப் பார்ப்பதுகூட அவசியமில்லை என்று கருதும் புத்தித் திமிர் என்றும் எழுதியிருந்தேன். பாராட்டி நாலு கடிதங்கள் வந்தன. அந்தக் கட்டுரையை இப்போது வாபஸ் வாங்குகிறேன். அகங்காரம் பற்றிய என் அபிப்பிராயம் மாறிவிட்டது என்பதால் அல்ல. அதற்கு நான் காட்டிய சாட்சியம் பொய் என்பதால். ஒரு மனுஷரின் மூளையில் அங்கங்கே விழுந்திருந்த தழும்புகளை அவருடைய குணம் என்று வாசித்துவிட்டேன்.

நண்பர் இதை எழுதச் சம்மதித்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்றது அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர். ஆகவே இங்கேயும் பெயர் இல்லை, காரணம் வேறு.

இருபத்து மூன்று வயதில் பி.ஏ. ஆங்கிலத்தோடு பாங்கில் குமாஸ்தாவாகச் சேர்ந்து பாளையங்கோட்டைக்கு வந்தபோது, படிப்பது என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர் அவர். பள்ளிக்கூடத்து வாத்தியார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்துதான், கதையில் எழுதப்பட்டிருப்பதைவிட எழுதாமல் விடப்பட்டதைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு பாத்திரம் 'சரி' என்று சொன்னால் அது எத்தனை விதமான 'சரி' என்று ஒரு மணி நேரம் பேசுவார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவரிடமிருந்து போனது சரியாக அதுதான்.

2018இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கூட்டம். பத்துப் பேர் இருப்போம். ஒரு இளைஞர் தன் தகப்பனாரின் சாவைப் பற்றி ஒரு கவிதை வாசித்தார். நல்ல கவிதை என்று சொல்லமாட்டேன், ஆனால் நிஜமான கவிதை. பாதியில் நண்பர் சிரித்தார். புன்னகை அல்ல, உடம்பு குலுங்க, நிறுத்த முடியாமல், ஒரு நிமிஷத்துக்கு மேல். அந்த இளைஞர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நண்பர், 'ஏன், முடிஞ்சிட்டா?' என்று கேட்டார்.

ஒரு மாதம் கழித்து என் முறை. நான் மூன்று மாதம் உழைத்து எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, 'எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீரு. ஆனா உமக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைவே' என்றார். சொன்னதோடு நிறுத்தவில்லை. நாற்பது நிமிஷம் அதை விளக்கினார். என் முகம் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். காது மடல் சுட்டது. காப்பி கொண்டுவந்த மதினி என்னைப் பார்த்துவிட்டு டம்ளரோடு அப்படியே உள்ளே திரும்பினார். அவர் மட்டும் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தார், ஆனால் பார்க்கவில்லை. இந்த வித்தியாசத்துக்கு அன்று என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது: திமிர்.

2019இல் கட்டுரையை எழுதினேன். அதே வருஷம், அவருடைய செக் ஒன்று என் கவுண்டருக்கு வந்தது. கையெழுத்து கம்ப்யூட்டரில் இருந்த மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துவரவில்லை. எழுத்துகள் நடுங்கி, கடைசிக் கோடு கீழே சரிந்திருந்தது. காலை பதினொரு மணி. குடித்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். விதிப்படி திருப்பி அனுப்பினேன். விதிப்படி செய்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்தையும் வாடிக்கையாளர் முகத்தையும் பார்த்து ஆளை எடைபோடுவதுதான் என் உத்தியோகம். நகைக்கடன் மேஜையில் நாலு வருஷம் இருந்திருக்கிறேன். வளையலைக் கழற்றுகிற விதத்தில் அது மீட்கப்படுமா, ஏலத்துக்குப் போகுமா என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தோடுதான் இலக்கிய விமர்சனமும் எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு மூன்று வருஷம் பேச்சு இல்லை. 2022இல் மதினி பாங்குக்கு வந்து, 'கையெழுத்துக்குப் பதிலா ரேகை வைக்க என்ன செய்யணும் தம்பி?' என்று கேட்டார். இரண்டு சாட்சிகள், ஒரு படிவம், போட்டோ என்று நான் விதியைச் சொல்லிக்கொண்டே வந்தபோது நடுவில் நின்றது. யாருக்கு என்று கேட்டேன்.

'அவுகளுக்குத்தான். ரெண்டு வருஷமாச்சு சொல்லி. மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ்.'

மதினி அந்தப் பெயரைத் தடுமாறாமல் சொன்னார். பல தடவை சொல்லிப் பழகியிருக்கிறார் என்று தெரிந்தது.

*

நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்று ஒரு கொழுப்புறை இருக்கிறது. மின்சார வயருக்கு மேலே இருக்கிற ரப்பர் மாதிரி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதைப் பகையென்று கருதித் தாக்குவது இந்நோய். தாக்கிய இடம் தழும்பாகி இறுகுகிறது. பல இடங்களில் இறுகுவதால் அந்தப் பெயர். பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ 1868இல் இதைத் தனி நோயாக வரையறுத்தார். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் ஆரம்பிக்கிறது. பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். கண் மங்கும், கால் மரக்கும், பிறகு ஓரளவு சரியாகும், மறுபடி வரும். வேனிலில் உடம்புச் சூடு ஏறினால் எல்லாக் கோளாறும் தற்காலிகமாகக் கூடும். இதை உத்தோஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் 1890இல் கவனித்து எழுதினார். பாளையங்கோட்டையில் சித்திரை மாசம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இவையெல்லாம் ஸ்தூலமான விஷயங்கள். தடுமாறி நடப்பவனைப் பார்த்தால் நாம் கை கொடுக்கிறோம். ஆனால் ஷார்கோவே நடை, பேச்சு, கை நடுக்கம் ஆகியவற்றோடு ஞாபகக் குறைவையும், உணர்ச்சிகள் மழுங்குவதையும், காரணமில்லாத சிரிப்பையும் குறித்திருக்கிறார். அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு வைத்தியர்கள் காலையும் கண்ணையும்தான் பார்த்தார்கள். இந்நோய் கண்டவர்களில் 40 முதல் 65 சதவீதம் பேருக்கு அறிவுத் தொழிற்பாட்டில் ஏதோ ஒரு குறை இருக்கும் என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. அந்தக் குறைகளில் கடைசியாகக் கவனத்துக்கு வந்தது, பிறர் முகத்தையும் குரலையும் கொண்டு அவர் மனசை ஊகிக்கும் சக்தி.

இதற்குச் சமூக அறிதிறன் என்று மொழிபெயர்க்கிறார்கள். சர்க்கார் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. திருக்குறளில் 71ஆம் அதிகாரத்துக்கும் 110ஆம் அதிகாரத்துக்கும் ஒரே தலைப்பு: குறிப்பறிதல். ஒன்று அரசன் முகத்தை அமைச்சன் வாசிப்பது. மற்றது காதலியின் கண்ணைக் காதலன் வாசிப்பது. பதவிக்கும் படுக்கைக்கும் வேண்டியது ஒரே திறமை என்று வள்ளுவர் கண்டிருக்கிறார். ஆனால் குறிப்பறியாதவன் விஷயத்தில் அவருக்கு இரக்கம் கிடையாது. முகத்தில் கண் என்று ஒன்று இருந்து என்ன பிரயோஜனம் என்கிற தொனியில் பேசுகிறார். என்னுடைய 2019 கட்டுரையின் தொனியும் அதுதான். அந்தத் துணை எனக்கு இருந்தது.

மனோதத்துவக்காரர்களின் கதை இன்னொரு பக்கமாக வருகிறது. 1978இல் ப்ரீமாக், வுட்ரஃப் என்ற இருவர், சிம்பன்ஸிக்குப் பிறர் மனம் என்று ஒன்று இருப்பது தெரியுமா என்று கேட்டார்கள். 1980களில் அதே கேள்வி குழந்தைகளுக்கும் ஆட்டிஸம் உள்ளவர்களுக்கும் வந்தது. பிறகு ஸ்கிஸோஃப்ரீனியா, தலைக்காயம். 2013இல் அமெரிக்க மனநல வைத்தியர்களின் கைப்புத்தகம், மூளை நோயில் பழுதாகக்கூடிய ஆறு துறைகளில் ஒன்றாக இதையும் ஞாபகம், கவனம், மொழி இவற்றோடு சமமாக உட்கார வைத்தது. மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், முகபாவங்களை, அதிலும் கோபம் பயம் போன்ற எதிர்மறையானவற்றை, இந்நோயாளிகள் தவறவிடுகிறார்கள் என்கிறார்கள். பிறர் எண்ணத்தை ஊகிப்பதும் சராசரியில் குறைகிறது. எல்லோருக்கும் அல்ல. மூளையில் இதற்கென்று ஒரே ஒரு அறை இல்லை. முன்புறம், பக்கவாட்டு, உள்ளே அமிக்டலா என்று தூரதூரமாக இருக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். அந்தப் பேச்சுப் போகிற கம்பிகள்தான் இந்நோயில் உரிந்துபோகின்றன.

அந்தச் சிரிப்பு இதிலிருந்து வேறு. முதலில் இரண்டையும் ஒன்றாக நினைத்தேன். மதுரையில் நண்பரைப் பார்க்கிற வைத்தியர் பிரித்துச் சொன்னார். சிரிப்பையும் அழுகையையும் கட்டுப்படுத்துகிற பாதை அறுந்தால், உள்ளே உணர்ச்சி எதுவுமில்லாமலே முகம் சிரித்துவிடும், அழுதுவிடும். தொல்காப்பியர் நகை பிறக்க நான்கு காரணங்கள் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நண்பரின் சிரிப்புக்கு நான் தயங்காமல் எடுத்துப் போட்டது எள்ளலை. நான்கிலும் சேராத ஒரு சிரிப்பு உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

*

பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் ஒரு மனோதத்துவப் பெண் நண்பருக்குப் பயிற்சி ஆரம்பித்துக் கொடுத்தார். பிறகு வீட்டிலேயே தொடரவேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். மதினிக்கு வேலை, பிள்ளைகள். 2023 ஆவணியிலிருந்து செவ்வாய், வெள்ளி காலையில் பாங்குக்குப் போகுமுன் நான் போகிறேன். பிராயச்சித்தம் என்று பெயர் வைக்க ஆசைதான். ஆனால் இரண்டாவது வாரத்திலேயே அது எனக்குப் பிடித்துப்போய்விட்டதால் அந்தப் பெயர் பொருந்தாது.

முதல் பாடம் முகங்கள். பால் எக்மனும் ஃப்ரீஸனும் 1976இல் வெளியிட்ட 110 கறுப்புவெள்ளைப் புகைப்படங்கள்தான் உலகம் பூராவும் அளவுகோல். சந்தோஷம், துக்கம், கோபம், பயம், அருவருப்பு, ஆச்சரியம் என்று ஆறு உணர்ச்சிகள். எல்லாம் வெள்ளைக்கார முகங்கள். நம் முகங்களைக் கொண்டு பெங்களூர் நிம்ஹான்ஸில் ஒரு தொகுப்பு 2008இல் செய்திருக்கிறார்கள், ஸ்கிஸோஃப்ரீனியா போன்ற நோய்களுக்காக. நண்பர் முதல் நாள் படங்களைப் பார்த்துவிட்டு, 'எட்டுல ஆறு' என்றார். எனக்குப் புரியவில்லை. மெய்ப்பாட்டியலைச் சொல்கிறார். உவகை, அழுகை, வெகுளி, அச்சம், இளிவரல், மருட்கை; எக்மனின் ஆறு ஏறக்குறைய வந்துவிட்டது. விடுபட்டவை நகை, பெருமிதம். படிப்பு துளியும் போகவில்லை என்பதுதான் இந்நோயின் விசித்திரம். இளிவரல் பிறக்கும் இடங்களில் பிணியும் ஒன்று என்று தொல்காப்பியர் வைத்திருப்பதையும், அது மூக்கைச் சுளிக்கிற அருவருப்பு அல்ல, தன்னையே தாழ்வாக உணர்கிற கூச்சம் என்பதையும் அவரே எனக்கு விளக்கினார். விளக்கி முடித்துவிட்டு, கோபமாக இருந்த ஒரு முகத்தைக் காட்டி, 'இவரு யோசிச்சிக்கிட்டிருக்காரு' என்றார்.

படத்தைப் பெயரிடுவது மட்டும் போதாது. புருவம், கண் ஓரம், மூக்கின் பக்கம், வாயின் மூலை என்று ஒவ்வொரு இடமாகப் பார்க்கவேண்டும். பிறகு அந்த முகத்தைத் தானும் செய்துபார்த்து, உள்ளே என்ன உண்டாகிறது என்று கவனிக்கவேண்டும். தலைக்காயம் பட்டவர்களுக்காக உண்டாக்கப்பட்ட முறை இது. நாற்பத்தைந்து வயசைத் தாண்டிய ஒரு வாத்தியாரும் ஒரு பாங்க் குமாஸ்தாவும் காலை எட்டு மணிக்கு எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். பால்காரர் ஒரு நாள் கேட்டில் நின்று பார்த்துவிட்டு மணி அடிக்காமலே போய்விட்டார்.

அடுத்தது சினிமா, சத்தத்தை நிறுத்திவிட்டு. சிவாஜி முதல் வாரத்துக்கு உதவினார். அவர் முகம் பெரிய எழுத்தில் அச்சடித்த பாடப்புத்தகம். நோயாளிக்கும் விளங்கும், கடைசி பெஞ்சுக்கும் விளங்கும். (சிவாஜியை இவ்விதம் சொல்வதை எங்கள் வட்டத்தில் இகழ்ச்சி என்பார்கள். இப்போது நான் அப்படிச் சொல்லவில்லை.) நாகேஷ் வந்ததும் நண்பர் திணறினார். சிரிப்பும் பயமும் ஒரே சமயத்தில் ஓடுகிற முகம் அது.

கண்களை மட்டும் காட்டுகிற ஒரு பரீட்சை இருக்கிறது. பாரன்-கோஹன் 2001இல் திருத்தி வெளியிட்டது. 36 ஜோடிக் கண்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு வார்த்தைகள், ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். எனக்கு அதில் மரியாதை குறைவு. பாதிப் பரீட்சை கண்ணுக்கு, பாதி அகராதிக்கு. வார்த்தை வளம் உள்ளவர்கள் கூடுதல் மார்க் வாங்குவார்கள் என்பதை ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். இதே பரீட்சையை வைத்துக்கொண்டுதான் 2013இல் ஸயன்ஸ் பத்திரிகையில், இலக்கியத் தரமான கதையைக் கொஞ்ச நேரம் படித்தாலே பிறர் மனதை அறியும் திறன் கூடுகிறது என்று இருவர் எழுதினார்கள். உலகம் பூராவும் இலக்கியவாதிகள் அதைக் கொண்டாடினார்கள். 2016இல் மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நமது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் அவர்களுக்குச் செலவு மிச்சமாகியிருக்கும். இருபது வருஷம் கதை படித்தவர்கள் பத்துப் பேர் இருந்தோம். கூடவே இருந்த ஒரு மனுஷருக்குக் கையும் முகமும் சிரிப்பும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனது; ஒருவருக்கும் தெரியவில்லை.

*

கதையும் படித்தோம். புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. நண்பருக்கு மனப்பாடம் மாதிரி. ஆனால் இப்போது ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, பிரமநாயகம் பிள்ளைக்கு இது தெரியுமா, அது தெரியும் என்று செல்லம்மாளுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவேண்டும். அசட்டுக் கேள்விகள். நான் விமர்சனம் என்று எழுதிவந்ததன் அஸ்திவாரமே இந்த அசட்டுக் கேள்விகள்தான் என்பது அந்தக் காலைகளில் உறைத்தது. எழுத்தில் இருந்தால் நண்பர் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார். மெதுவாக, யோசித்து, கணக்குப் போடுவதுபோல. நேரில் முகம் கண் சிமிட்டும் நேரத்தில் மாறிவிடுகிறது. கணக்குப் போடுகிற அவகாசம் கிடைப்பதில்லை. அதனால்தான் ஆட்கள் நாலுக்குமேல் கூடினால் அவர் அசந்துபோகிறார்.

இந்தப் பயிற்சிகளால் என்ன பலன் என்று நேராகக் கேட்டால், மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸில் ஞாபகத்துக்கு நடந்த அளவு சோதனைகள் இதற்கு நடக்கவில்லை. ஞாபகத்துக்கு நியூ ஜெர்ஸியில் 86 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளியான சோதனை இருக்கிறது. சொற்களைக் கதையாகவும் காட்சியாகவும் கட்டிக்கொள்ளப் பத்து அமர்வுகளில் பழக்கினார்கள், பலன் தெரிந்தது. முகம் வாசிக்கிற பயிற்சியோ பெரும்பாலும் ஸ்கிஸோஃப்ரீனியாவிலிருந்தும் தலைக்காயத்திலிருந்தும் கடன் வாங்கியது. தலைக்காயத்துக்கு நெதர்லாந்தில் 2017இல் வெளியான ஒரு சோதனையில், முகமறிதல், பிறர் நிலையில் நின்று பார்த்தல், நடத்தையைச் சீர்செய்தல் என்று மூன்றையும் சேர்த்துக் கற்பித்தார்கள். வீட்டிலுள்ளவர்களையும் பாடத்துக்குள் இழுத்தார்கள். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உரிந்த கம்பி உரிந்ததுதான். நண்பர் நூறு முகங்களில் முன்பு தவறவிட்டதைவிடக் கொஞ்சம் குறைவாக இப்போது தவறவிடுகிறார், அவ்வளவே. மாறவேண்டியிருந்தது எதிரே உட்கார்ந்திருக்கிறவன்.

திருக்குறளில் 128ஆம் அதிகாரம் குறிப்பறிவுறுத்தல். குறிப்பை அறிவது அல்ல, அறியும்படிச் செய்வது. எனக்குப் பரீட்சைக்காக மட்டும் தெரிந்திருந்த தலைப்பு. அந்த வீட்டில் இப்போது அதுதான் சட்டம். கிண்டல் செய்தால் 'இது கிண்டல்' என்று சொல்லவேண்டும். போரடித்தால் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது, 'போதும்' என்று சொல்லவேண்டும். மௌனத்தைச் செய்தியாக அனுப்பக்கூடாது. நண்பரின் பங்குக்கு, சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் கேட்டுவிடவேண்டும். கேட்கிறார்: 'நீரு இப்போ கோவமா இருக்கீரா, சும்மா இருக்கீரா? சொல்லிரும்வே.' முதல் தடவை கேட்டபோது 'சும்மாத்தான் அண்ணாச்சி' என்றேன். பொய். கோபமாகத்தான் இருந்தேன். ஒருவர் இப்படிக் கேட்டுவிட்டால் பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது அவரவர் கேட்கப்படும்போதுதான் தெரியும். நாம் பழக்கமாகச் சொல்லாமல் விடுவதில் பாதி, சூட்சுமம் காரணமாக அல்ல, கோழைத்தனம் காரணமாகவே விடப்படுகிறது.

*

இந்த வருஷம் ஒரு பழைய ஆங்கில நாட்குறிப்பைப் படித்தேன். பார்பெலியன் என்ற புனைபெயரில் 1919இல் வந்தது. ஏமாற்றமடைந்த ஒரு மனிதனின் நாட்குறிப்பு என்று பெயர். எழுதியவர் லண்டன் இயற்கை வரலாற்று மியூஸியத்தில் சொற்பச் சம்பளத்தில் பூச்சிகளோடு வேலை பார்த்தவர்; பிழைப்புக்கு ஒன்று, உயிருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டவர். நம் ஜாதி. எச்.ஜி. வெல்ஸ் முன்னுரை எழுதியிருந்ததால் முழுவதையும் வெல்ஸே எழுதிவிட்டார் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். உடம்பு வெகுநாளாகச் சரியில்லை, காரணம் தெரியாது. 1915 செப்டம்பரில் கல்யாணம். நவம்பரில் பட்டாளத்துக்கு ஆளெடுக்கும் இடத்தில் பரிசோதனை. காட்டச்சொல்லி அவருடைய டாக்டர் ஒரு கடிதத்தை ஒட்டிக் கொடுத்திருந்தார். கடிதத்துக்கு அவசியமில்லாமலே தள்ளிவிட்டார்கள். வீடு திரும்புகிற வழியில் ரயிலில் உறையைப் பிரித்துப் பார்த்தார். அவருடைய நோய் என்னவென்று அதில் எழுதியிருந்தது. நம் நண்பருடைய நோய்தான்.

புது மனைவிக்குத் தெரியக்கூடாது என்று அதை மறைத்து வைத்துக்கொண்டு ஒருவித வீரத்தோடு வாழ்ந்தார். பின்னால் தெரியவருகிறது: அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். தெரிந்தேதான் அவரைக் கட்டிக்கொண்டாள். அவருக்குத் தெரியக்கூடாது என்று அவளும் மறைத்திருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே ரகசியம், ஒருவருக்காக ஒருவர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்பெலியனோ மனித முகங்களைக் கூர்ந்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எழுத்தாளர். தன்னைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை என்று அவர்மேல் குற்றம் சொல்லலாம், ஆனால் பார்வை மழுங்கியவர் என்று அந்த எழுத்தைப் படித்த யாரும் சொல்லமுடியாது. 1919 அக்டோபரில், முப்பது வயதில் இறந்தார்.

இதை நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பி, 'ஏட்டீ, எனக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?' என்று சத்தமாகக் கேட்டார்.

மதினி அடுக்களையிலிருந்து வந்து கதவருகே நின்றார். 'டாக்டர் எங்கிட்ட மொதல்ல சொன்னாரு. ஒரு வாரம் வச்சிருந்தேன்.'

'அப்போ எம் மூஞ்சியப் பார்த்தா எப்படி இருந்துச்சு?'

'ஒண்ணும் தெரியாத மூஞ்சி. அதான் கஷ்டம்.'

அவர் தலையாட்டினார். அதை எந்த உணர்ச்சியில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எக்மனின் ஆறிலும் இல்லை, தொல்காப்பியரின் எட்டிலும் இல்லை.

*

என்னை இன்னும் அரித்துக்கொண்டிருக்கிற ஒன்று இருக்கிறது. உனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று 2018இல் அவர் சொன்னாரே, அதை நோய் சொன்னது என்று ஒதுக்கிவிட எனக்கு இப்போது சகல வசதியும் இருக்கிறது. மன்னிக்கிறவனுக்குக் கிடைக்கிற வசதி அது. மன்னித்த கையோடு அவர் சொன்னதையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம். ஆனால் நோய் எடுத்துக்கொண்டது, நான் துடிக்கிறேன் என்பதைப் பார்க்கும் சக்தியை மட்டும். அபிப்பிராயத்தை அது எழுதிக் கொடுக்கவில்லை. முகம் பார்த்து அபிப்பிராயத்தை மட்டுப்படுத்துகிற இடத்தில்தான் பழுது. அதாவது, அதுவரை நான் கேட்டுவந்த பாராட்டுகளெல்லாம் என் முகம் பார்த்துச் சொல்லப்பட்டவை. அன்று மட்டும்தான் முகம் பார்க்காமல் சொல்லப்பட்டது. அந்தக் கட்டுரையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போன மாதம் படித்தேன். வாக்கியங்கள் நன்றாக இருந்தன. சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அவரிடம் சொன்னேன். 'நான் அப்படியா சொன்னேன்?' என்றார். ஞாபகமில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தக் கவிஞரை வீட்டுக்கு அழைத்துப் போனேன். கூட்டத்துக்கு அல்ல. மூன்று பேர் மட்டும், விசிறி ஓட, நண்பரின் கழுத்தில் ஈரத்துண்டு. முதலில் பத்து நிமிஷம் அண்மையில் வந்த புத்தகங்கள் பற்றிப் பேச்சு. பிறகு நண்பர், முன்பே தயார்செய்து வைத்திருந்தது போல ஒவ்வொரு வார்த்தையாக, 'அன்னைக்கு நான் சிரிச்சது உம்ம கவிதையைப் பார்த்து இல்லை. எனக்குச் சிரிப்பே வரலை. மூஞ்சிதான் சிரிச்சுது' என்றார்.

கவிஞர் எதுவும் சொல்லவில்லை. அவருக்கும் இப்போது முப்பது தாண்டிவிட்டது. முகத்தில் ஏதோ ஒன்று அசைந்து நின்றது. நண்பர் என் பக்கம் திரும்பி, மறைக்காமல், சாதாரணக் குரலில், 'இப்போ இவரு மூஞ்சியில என்ன?' என்று கேட்டார்.

நான் பார்த்தேன். புருவம், கண் ஓரம், வாயின் மூலை.

'எனக்குத் தெரியலை அண்ணாச்சி' என்றேன். 'அவருகிட்டயே கேளுங்க.'

கேட்டார். கவிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, 'கொஞ்சம் பொறுங்க சார், சொல்றேன்' என்றார். மதினி டீ கொண்டுவந்து வைத்தார். பொறுத்திருந்தோம்.